தொங்கும் ரூஃப் லைனிங்: எந்தத் துணி, எந்தப் பசை, எந்தக் கடை வேலைக்குக் காசு தரலாம்

பதினைந்து வருடத்தைத் தாண்டிய காரில் கூரையின் உட்பக்கத் துணி, அதாவது ரூஃப் லைனிங், தொங்க ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பசையைத்தான். சீட் கவர் கடையிலும் ஒரு ஸ்ப்ரே கேனையோ ஃபெவிகால் டப்பாவையோ எடுத்து நீட்டிவிடுவார்கள். சிரிஞ்சில் பசையை ஏற்றித் துணிக்குள் செலுத்தி, கையால் அழுத்திவிட்டால் அன்று மாலை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்த கத்திரி வெயிலுக்குள் அதே இடம் தொங்கும், பக்கத்தில் பசை ஊறிய கறையும் சேர்ந்துகொள்ளும். பசையில் கோளாறு இல்லை. கெட்டுப்போனது அதற்கும் துணிக்கும் நடுவே இருக்கும் ஃபோம்.

கூரைத் தகரத்துக்குக் கீழே, வண்டியின் வடிவத்துக்கு அச்சில் வார்த்த ஒரு போர்டு இருக்கும். ஃபைபர் கிளாஸ், சணல் நார், அழுத்திய அட்டை என்று காருக்குக் கார் மாறும். அதன்மேல் 3 மி.மீ கனத்தில் பாலியூரித்தேன் ஃபோம், அதோடு ஒட்டிய மெல்லிய பின்னல் துணி. தொழிற்சாலையில் துணியும் ஃபோமும் ஒரே விரிப்பாக வந்து, பிறகுதான் போர்டில் ஒட்டப்படுகின்றன. பாலியூரித்தேனுக்கு வெப்பமும் ஆகாது, ஈரப்பதமும் ஆகாது. இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் அரித்ததும் ஃபோம் பொடியாகிறது. பழைய ஸ்கோடா ஆக்டேவியா, அந்தக் காலத்து ஃபோக்ஸ்வேகன் வண்டிகள் இந்த விஷயத்தில் பேர்போனவை. வெயிலில் நிற்கும் எந்த வண்டிக்கும் இது வரத்தான் செய்யும்.

சோதிப்பது சுலபம். தொங்காத இடமாகப் பார்த்து, உள்ளங்கையால் துணியை மேலே அழுத்தி லேசாகத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று ஏதோ நகர்ந்தாலோ, சீட் ஹெட்ரெஸ்ட் மேல் பழுப்பு நிறப் பொடி கொட்டியிருந்தாலோ கூரை முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். ஓரத்தில் மட்டும் விட்டு, உள்ளே ஃபோம் மெத்தென்று இருந்தால் ஒட்டு வேலை கொஞ்ச நாள் தாங்கும். இந்த இரண்டாவது நிலை பழைய கார்களில் அரிது.

துணியில் ஆரம்பிப்போம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரி சீட் கவர் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் "ரூஃப் லைனிங் துணி" என்று கேட்டால் நாலைந்து வகையை எடுத்துப் போடுவார்கள். வாங்க வேண்டியது ஃபோம் ஒட்டிய பாலியெஸ்டர் பின்னல் துணி. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீளும் துணி, சன்வைசர் (வெயில் மறைப்பு) உட்காரும் பள்ளத்திலும் உள்விளக்குப் பள்ளத்திலும் சுருக்கம் விழுந்தே தீரும். அடுத்து, வெட்டு முனையில் துணியை ஃபோமிலிருந்து நகத்தால் பிரித்துப் பாருங்கள். ஃபோம் கிழிந்து துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் நல்ல சரக்கு. தோல் உரிவதுபோல் துணி மட்டும் சுத்தமாகக் கழன்று வந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். போர்டில் எவ்வளவு நல்ல பசை போட்டாலும் அந்தத் துணி ஃபோமை விட்டுத் தனியே தொங்கும்.

ஃபோம் கனம் 3 மி.மீ போதும். "மெத்து மெத்தென்று இருக்கும் சார்" என்று 6 மி.மீ காட்டுவார்கள். அது பள்ளங்களில் சரியாக இறங்காது, ஓரங்களில் பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்) பிளாஸ்டிக் அதன்மேல் உட்காராது, கிராப் ஹேண்டில் (கூரையோரக் கைப்பிடி) ஸ்குரூ பழைய நீளத்துக்குப் பிடிக்காது. ஃபோமே இல்லாத வெறும் துணி மலிவுதான். ஆனால் போர்டில் உள்ள ஒவ்வொரு குழியும் சுரண்டலும் அதில் அப்படியே தெரியும்.

ரெக்சின் வேண்டவே வேண்டாம். கனம் அதிகம், நீட்சி குறைவு, பசைமேல் எப்போதும் இழுவை. இருக்கைக்குப் பொருத்தமாகக் கூரையிலும் ரெக்சின் போடலாம் என்று கடையில் சொல்வது, மீந்த ரோலைக் காலி செய்யும் யோசனையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சூயிட் தோல் மாதிரித் துணி பார்க்க அழகு, விலையும் அதற்கேற்ப. ஃபோமோடு வரும் மெல்லிய வகையை எடுத்தால் பாதகமில்லை. அதற்கு மயிர்வாக்கு, அதாவது இழை சாயும் திசை, உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கூரையை முன்னிருந்து பின்னாக ஒட்டினால் சன்வைசரையும் பில்லரையும் அதே வாக்கில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ரோல் துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

துணி பெரும்பாலும் 60 அங்குல அகலத்தில் வரும். சிறிய ஹேட்ச்பேக்குக்கு 2 மீட்டர், செடானுக்கு 2.5 மீட்டர், குவாலிஸ், சுமோ மாதிரி நீள வண்டிக்கு 3.5 முதல் 4 மீட்டர். எந்தப் பக்கமும் 10 செ.மீ மிச்சம் இருக்கும்படி அளக்க வேண்டும். பள்ளங்கள் துணியை விழுங்கும், ஓரம் மடிக்கவும் வேண்டும். பில்லரும் சன்வைசரும் சேர்த்துச் செய்வதென்றால் இன்னொரு மீட்டர், அதுவும் அதே ரோலில் இருந்தே. அடுத்த ரோலின் சாம்பல் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும்.

பசையில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் கூரைத் தகரம் 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் இளகாத பசைதான் வேண்டும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை ஃபெவிகால் இதற்கு உதவாது. அது ஈரத்தை வெளியே விட்டுக் காய வேண்டிய பசை, சூட்டில் இளகவும் செய்யும். கைவேலைக்கு, சார்ட் ஒட்டுவதற்கு விற்கும் பொதுவான ஸ்ப்ரே பசையும் அப்படித்தான். குளிர்ந்த நாளில் பிடிக்கும், மே மாதம் கைவிடும். ஸ்ப்ரே வாங்குவதானால் கேனிலேயே ஹெட்லைனருக்கு (ரூஃப் லைனிங்குக்கு ஆங்கிலப் பெயர்) என்று எழுதியிருக்க வேண்டும். 3எம் நிறுவனத்தின் 38808 இந்த வேலைக்கென்றே வந்தது. வீட்டில் செய்பவருக்கு அதுதான் வசதி. சமமாகத் தூவும், ஃபோமை ஊறவைக்காது, செடானுக்கு 2 கேன் ஆகும். ஒரே கேனில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் பின் கண்ணாடி ஓரம் வரும்போது தீர்ந்துபோகும். தொங்கல் முதலில் ஆரம்பிக்கிற இடமும் அதுதான்.

கடைக்காரர்கள் நம்புவது ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரியான ரப்பர் பசை. சரியாகப் போட்டால் குறை சொல்ல முடியாது, செலவும் குறைவு. ஒரு லிட்டர் டின் ஒரு காருக்குப் போதும். போர்டு சணல் நாராக இருந்தால் முதல் பூச்சை அது குடித்துவிடும், காய்ந்தபின் இன்னொரு பூச்சு தேவைப்படும். கெடுவது பிரஷ்ஷில்தான். கட்டியாக இழுத்தால் பிரஷ் கோடு துணிக்கு வெளியே வரிவரியாகத் தெரியும். சுலபமாக இழுக்கட்டும் என்று தின்னரை அதிகம் கலந்தால் பசை ஃபோமுக்குள் இறங்கி, காய்ந்ததும் அந்த இடம் கெட்டியாகிக் குழி விழும். வெளிர் நிறத் துணியில் மஞ்சள் கறையும் தெரியும். கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வைத்து இந்தப் பசையை அடிக்கும் கடை கிடைத்தால் கேனைவிட அதுவே மேல். பிரஷ் மட்டும் வைத்திருக்கும் கடை என்றால், கேனை நாமே வாங்கிக் கொடுத்து அதைப் போடச் சொல்லலாம்.

மழை நாளில் ஒட்டாதீர்கள். பசையிலிருந்து தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்கிறது, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. பசை வெளுத்துப்போய், தொட்டால் ஒட்டுவதுபோல் இருந்தும் பிடிப்பு இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் செய்த வேலைகள் சீக்கிரம் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழற்றும் வேலை ஸ்குரூ டிரைவருக்கும் பொறுமைக்கும் உட்பட்டதுதான். முன் கண்ணாடி ஓரத்து ஏ பில்லரிலோ கூரை ஓரத்திலோ ஏர்பேக் என்று பொறித்திருந்தால் மட்டும் கையை வைக்காமல் தெரிந்தவரிடம் விடுங்கள். மற்ற வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சன்வைசர், அதன் கொக்கி, கிராப் ஹேண்டில், உள்விளக்கு, கோட் மாட்டும் கொக்கி என்று எடுத்துக்கொண்டே போகலாம். பிறகு பில்லர் பிளாஸ்டிக்குகள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள பி பில்லரில் சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்ற வேண்டி வரலாம். அதைத் திரும்பப் போடும்போது கை முறுக்கோடு விடாமல், வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்க வேண்டும். கதவோரத்து ரப்பர் பீடிங்கை மேல்பக்கம் மட்டும் உருவினால் போதும். பிளாஸ்டிக் கிளிப் பழசானால் நொறுங்கும், ஒரு டஜன் புதுசு வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

போர்டை வெளியே எடுப்பதில்தான் பாதி வண்டிகள் பழுதாகின்றன. ஹேட்ச்பேக்கில் டிக்கி வழியாக வந்துவிடும். செடானில் முன் சீட்டுகளை முழுவதும் சாய்த்து, ஸ்டியரிங் இல்லாத பக்கத்து முன்கதவு வழியாக, இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துச் சாய்த்து இறக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் சீட்டைக் கழற்றலாம், போர்டை மட்டும் மடக்கக் கூடாது. சில கடைகளில் நேரம் மிச்சம் என்று நடுவில் அறுத்தே எடுத்துவிடுவார்கள். திரும்ப ஒட்டினாலும் அந்தக் கோடு புதுத் துணியில் நிழலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். மடங்கிக் கோடு விழுந்த போர்டை, தகரப் பக்கமாக ஃபைபர் கிளாஸ் மேட்டும் ரெசினும் போட்டுச் சரிசெய்யலாம். துணிப் பக்கம் பட்டி பூசினால் மேடு தெரியும். போர்டே போய்விட்டால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடல் வண்டியின் போர்டு கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அதில் துணி நன்றாக இருக்கிறதே என்று அப்படியே மாட்டிவிடாதீர்கள். அந்த ஃபோமுக்கும் அதே வயசுதான்.

துணியை உரித்ததும் போர்டு முழுவதும் ஆரஞ்சு, பழுப்புப் பொடி ஒட்டியிருக்கும். இதைச் சுத்தம் செய்வதுதான் வேலையிலேயே சலிப்பானது, கடைகளில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. பொடிமேல் பசை போட்டால் பசை பிடிப்பது பொடியைத்தான், போர்டை அல்ல. நைலான் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்து, வேக்குவம் பிடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் போர்டின் மேல்தோலையே பெயர்த்துவிடும். அட்டை, சணல் போர்டில் தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும். பெட்ரோல், தின்னர் ஊற்றிக் கழுவுவதும் கூடாது, மிச்சப் பசை குழம்பாகிப் பரவும். முடிந்ததா என்று பார்க்க, கறுப்புத் துணியால் ஓர் இழுப்பு இழுங்கள். துணியில் பொடி ஏறினால் முடியவில்லை. முகமூடி கட்டாயம். ஃபைபர் கிளாஸ் போர்டு என்றால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும், இல்லாவிட்டால் இரவெல்லாம் அரிக்கும்.

ஒட்டும்போது துணியைப் போர்டில் விரித்துச் சரிபார்த்து, முன்பாதியைப் பின்னால் மடித்துப் போடுங்கள். போர்டிலும் ஃபோமிலும் பசை அடித்து, விரல் கணுவால் தொட்டால் ஒட்டி ஆனால் கையில் வராத பதம் வரும்வரை விடுங்கள். சாதாரண வெயில் நாளில் 5 முதல் 10 நிமிடம். பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே இறக்குங்கள். பள்ளத்தில் மட்டும் முறை மாறும். துணியை விறைப்பாக இழுத்துப் பள்ளத்தின் மேல் பாலம் போட்டுவிட்டு, பிறகு உள்ளே அழுத்தினால் அது வெயில் ஏறியதும் பழையபடி பாலமாகவே எழும்பும். பள்ளத்தின் அடியில் முதலில் ஒட்டி, அங்கிருந்து விளிம்பை நோக்கி விரலால் ஏற வேண்டும். பின்பாதியும் இதேபோல. ஓரத்தை 2, 3 செ.மீ பின்பக்கம் மடித்து ஒட்டி, ஒரு நாள் படுக்கையாகக் கிடத்துங்கள். விளக்குக்கான ஓட்டையைக் கடைசியில், பசை காய்ந்தபின், குறுக்கு வெட்டாகப் போட்டு முனைகளை உள்ளே மடிக்கலாம். முன்பே பெரிதாக வெட்டிவிட்டால் விளக்கு மூடி மறைக்காது.

இனி நிறம் மாற்றுவது. பழைய மங்கிய கூரையை ஸ்ப்ரே அடித்துக் கறுப்பாக்கலாம் என்று நிறைய பேர் ஆசைப்படுகிறார்கள். வீட்டில் துணிக்குப் போடும் சாயப் பாக்கெட் பருத்திக்கானது. பாலியெஸ்டர் சாயம் ஏற வேண்டுமானால் தனிச் சாயமும் 130 டிகிரி போலச் சூடும் வேண்டும், போர்டில் ஒட்டிய துணியில் அது நடக்காது. துணி, வினைல் ஸ்ப்ரே என்று கேனில் வருவது உண்மையில் நிறமி கலந்த மெல்லிய பெயின்ட். இழைமேல் படிகிறது, இழைக்குள் இறங்குவதில்லை. அதனால் வெளிர் நிறத்தை அடர்த்தியாக்கலாம், அடர்ந்ததை வெளிர் ஆக்க முடியாது. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் மென்மையான பிரஷ்ஷால் இழையைக் கலைத்துவிடாவிட்டால் கூரை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். மெல்லிய பூச்சாக மூன்று, நான்கு அடிக்க வேண்டும். ஒரு கூரைக்கு 3, 4 கேன் ஆகிவிடும். ஃபோம் ஏற்கெனவே பொடியாகும் நிலையில் இருந்தால் இந்த ஈரமே மிச்சப் பிடிப்பையும் விட்டுப்போகச் செய்யும். கேன் விலையையும் கூட்டிப் பார்த்தால், பழைய துணிக்குப் பெயின்ட் அடிப்பதைவிடப் புதுத் துணி லாபம்.

ஸ்ப்ரே உண்மையில் எடுபடும் இடங்கள் இரண்டு. ஒன்று பில்லர், ஹேண்டில், விளக்கு மூடி மாதிரியான பிளாஸ்டிக். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து அடித்தால் அழகாகப் பிடிக்கும். கறுப்புக் கூரை போடுபவர்கள் இதை விட்டுவிட்டால், பீஜ் நிறப் பில்லரும் கறுப்புக் கூரையுமாக வண்டி பாதி வேலையில் நின்றதுபோல் இருக்கும். மற்றது அம்பாசடர், பத்மினி காலத்து வினைல் கூரை. அதற்கு ஃபோமும் இல்லை, போர்டும் இல்லை. துணியில் தைத்த உறைக்குள் கம்பி வளைவுகள் நுழைந்து கூரையைத் தாங்கும். வினைல் கிழியாமல் இருந்தால் நிறம் ஏற்றுவது நல்ல யோசனை, கெட்டியாக அடித்துத் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கிழிந்திருந்தால் தையல் தெரிந்த டெய்லரிடம்தான் போக வேண்டும். ஒவ்வொரு கம்பியின் வளைவும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், எடுக்கும்போதே முன்னிருந்து எண் எழுதி ஒட்டாவிட்டால் திரும்பப் பொருந்தாது. பழைய உறையின் தையலைப் பிரித்து அதையே அளவாக வைத்து வெட்டுபவர் வேலை தெரிந்தவர். டேப் வைத்துக் கூரையை அளப்பவரிடம் கொடுக்காதீர்கள். முன்னும் பின்னும் இழுத்து நிறுத்திய பிறகே பக்கவாட்டு இழுப்பு. சின்னச் சுருக்கங்களுக்குப் பயப்பட வேண்டாம், வண்டியை வெயிலில் நிறுத்தினால் வினைல் தானே இறுகிக்கொள்ளும்.

கடையில் கொடுப்பதென்றால் மூன்று விஷயங்களை வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். போர்டு வெளியே வருமா, பழைய ஃபோம் முழுவதும் போகுமா, எந்தப் பசை. "கழற்றவே வேண்டாம், உள்ளே வைத்தே இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிற கடையில் பழைய துணி மேலேயே புதுத் துணி ஏறும், அல்லது தலைக்கு மேலே கையை உயர்த்திப் பசை தடவப்படும். இரண்டுக்கும் ஆயுள் ஒரு கோடை. பட்டன், ஸ்குரூ பின் வைத்து நட்சத்திரம் மாதிரி அலங்காரமாகப் பிடித்துத் தரும் வேலையும் உண்டு. வண்டியை விற்கும்வரை கண்ணாடியில் பின்பக்கம் தெரிந்தால் போதும் என்றால் அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முழு வேலையின் கூலி கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

ஒழுங்கான கடை வண்டியைக் குறைந்தது ஒரு இரவு வைத்துக்கொள்ளும். உரித்த போர்டைச் சுத்தம் செய்த பிறகு, பசை போடும் முன்பு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், அல்லது அந்த நேரத்தில் நேரில் போய் நில்லுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது துணியைப் பார்ப்பதற்கு முன் சன்வைசரை மடக்கிப் பாருங்கள், எல்லா ஹேண்டிலையும் இழுத்துப் பாருங்கள், உள்விளக்கைப் போட்டுப் பாருங்கள், சீட் பெல்ட் போல்ட்டில் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பிறகு முன் கண்ணாடி ஓரத்திலும் பின் கண்ணாடி ஓரத்திலும் விரலைவிட்டு, துணி போர்டின் பின்பக்கம் மடிந்திருக்கிறதா, விளிம்போடு வெட்டப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விளிம்போடு வெட்டியிருந்தால் பாக்கிக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம்.